பூசணத்தின் தகுதி

ஐப்பசி பிறந்து மழை பிடித்துக்கொண்டால் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு டேனரிகளில் வெட் ப்ளூ அடுக்குகள்மேல் எப்போதும் ஒரு கண் இருக்கும். குரோமியம் ஏறி டிரம்மிலிருந்து இறங்கிய நீலத்தோலின் எடையில் ஏறக்குறைய பாதி ஈரம்தான். பி.எச். அளவு 4ஐ ஒட்டியோ அதற்குக் கீழேயோ நிற்கும். அந்தப் புளிப்பில் பெரும்பாலான பாக்டீரியாக்கள் தலையெடுப்பதில்லை. பூஞ்சைகளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. முதலில் மங்கலான வெள்ளைப் படலம் தெரியும். பிறகு பெனிசிலியம் பச்சையாகப் பூக்கும், ஆஸ்பெர்ஜில்லஸ் நைகர் கருந்தூளாகப் படியும், டிரைக்கோடெர்மாவோ பெசிலோமைசிஸோ இடையில் நுழையும். பூசணம் பிடித்த இடத்தில் பின்னால் சாயம் சீராக ஏறாது. கறை நின்றுவிட்டால் தோலின் தரம் இறங்கி விலையும் இறங்கும். ஆகவே டேனரிக்காரர் கேட்பது ஒன்றுதான்: இது வளருமா, வளராதா? பரிணாம உயிரியல் கேட்பது வேறு: ஒரே தோலில் விழுந்த பல பூஞ்சைகளில் அடுத்த தலைமுறையை நிரப்பப்போவது எது, எவ்வளவு வித்தியாசத்தில்? இந்த வித்தியாசத்துக்குத்தான் பரிணாமத் தகுதி என்று பெயர். ஆய்வுக்கூடத்தில் இதை அளக்க முடியும். ஆனால் அளந்து வரும் எண் பூஞ்சைக்குள் இருக்கும் ஒரு பண்பின் அளவு அல்ல. அந்தப் பூஞ்சைக்கும் அதன் எதிராளிக்கும் அவை இரண்டும் நிற்கும் இடத்துக்கும் இடையிலான உறவின் அளவு. இதை மறந்து செய்யப்படும் அளவீடுகள் தோல் வட்டாரத்தில் வீண் நம்பிக்கைகளை வளர்க்கின்றன என்பதே என் வாதம்.

ஈஸ்டிலும் பாக்டீரியாவிலும் இந்த அளவீடு ஒப்பீட்டளவில் எளிது. ஒரு செல் இரண்டாகும், இரண்டு நான்காகும். எது வேகமாகப் பெருகியது என்று எண்ணிவிடலாம். இழைப்பூஞ்சை அப்படிப் பெருகுவதில்லை. அது நுனியில் நீண்டு, கிளைத்து, வலையாகப் பரவுகிறது. அகார் தட்டில் அதன் வட்டம் நாளுக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று ஏறக்குறைய ஒரே சீராக விரியும். இரண்டு, நான்கு, எட்டு என்ற கணக்குக்குள் அது அடங்காது. இதில் ஓர் உயிர் என்று எதைச் சொல்வது என்பதே தீர்க்கமுடியாத கேள்வி. ஒரே வலைக்குள் ஆயிரக்கணக்கான உட்கருக்கள் ஓடித்திரிகின்றன. இரண்டு வலைகள் இணைந்து ஒன்றாகவும் ஆகலாம். அமெரிக்காவின் மிச்சிகன் காட்டில் பல ஹெக்டேர் பரப்பில் மண்ணுக்குள் விரிந்திருந்த ஒரே ஆர்மில்லேரியா பூஞ்சையைப் பற்றி 1992இல் அறிவித்தார்கள்; அதன் வயது ஆயிரம் ஆண்டுகளைத் தாண்டும் என்றும் கணித்தார்கள். அப்படிப்பட்ட உயிருக்குத் தலைமுறை என்று எதைக் கணக்கிடுவது? வழி தெரியாத இடத்தில் ஆய்வாளர்கள் எளிதில் அளக்கக்கூடியதை அளந்தார்கள். 1943இல் ரையன், பீடில், டேட்டம் மூவரும் நியூரோஸ்போராவை நீண்ட கண்ணாடிக் குழாயில் ஓடவிட்டு, அதன் முனை நகர்ந்த தூரத்தைக் குறித்தார்கள். அருமையான முறை அது. உயிர்வேதியியல் மரபியலுக்குப் பெரிதும் கைகொடுத்தது. ஆனால் அவர்கள் அளந்தது வளர்ச்சி வேகத்தை. பின்னால் வந்தவர்கள் அதையே தகுதி என்று எடுத்துக்கொண்டதில்தான் சிக்கல் தொடங்கியது.

தோல் வட்டாரத்தில் இந்தச் சிக்கலுக்குத் தனி எடை உண்டு. டேனரிக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஏறக்குறைய 35,000 ஹெக்டேர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போயிற்று என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வு மையத்தின் கணிப்பு அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. ராணிப்பேட்டையில் மூடப்பட்டுவிட்ட குரோமேட்ஸ் ஆலையின் கழிவு இரண்டு லட்சம் டன்னுக்கு மேல் பல ஆண்டுகளாகக் குவிந்து கிடந்தது. இப்படிப்பட்ட மண்ணில், குரோமியத்தைத் தாங்கும் பூஞ்சை கிடைத்தது என்றால் அது ஆய்வுக்கூடச் செய்தியாக மட்டும் நிற்பதில்லை. பாலாற்றங்கரையில் இருப்பவருக்கு அது ஒரு வாக்குறுதியாகவே கேட்கும். டேனரிக் கழிவுநீரிலிருந்தும் மாசுபட்ட மண்ணிலிருந்தும் குரோமியம் தாங்கும் ஆஸ்பெர்ஜில்லஸ், பெனிசிலியம், டிரைக்கோடெர்மா ரகங்களைப் பிரித்தெடுத்த ஆய்வுகள் நாட்டில் நிறையவே வந்திருக்கின்றன. அவற்றில் பலவற்றுக்கு அடிப்படை ‘தாங்கும் குறியீடு’ என்ற ஓர் எண். குரோமியம் கலந்த தட்டில் பூஞ்சை வட்டத்தின் விட்டத்தை, கலக்காத தட்டில் வளர்ந்த வட்டத்தின் விட்டத்தால் வகுத்தால் அந்த எண் கிடைக்கும். 1ஐ நெருங்கினால் பூஞ்சை வீரன். பூஜ்ஜியத்தை நெருங்கினால் கோழை.

அந்தத் தட்டில் உண்மையில் என்னதான் இருக்கிறது? பெரும்பாலும் உருளைக்கிழங்குச் சாறும் குளுக்கோஸும் சேர்ந்த அகார். அதாவது பூஞ்சைக்கு விருந்துச் சாப்பாடு. அதில் பொட்டாசியம் டைகுரோமேட்டைக் கரைத்திருப்பார்கள். இது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம்; உயிர்களுக்குக் கொடியது. குரோமேட்ஸ் ஆலைக் கழிவைப் பொறுத்தவரை இது பொருத்தமான சோதனைதான். ஆனால் டேனரி டிரம்மில் போடுவது கார குரோமியம் சல்ஃபேட். மூன்று இணைதிறன் கொண்டது, எளிதில் செல்லுக்குள் புகாதது, பி.எச். ஏறினால் வீழ்படிவாகி அடியில் தங்கிவிடுவது. அத்துடன் டேனரிக் கழிவுநீரில் குரோமியம் தனியாக வருவதில்லை. பச்சைத்தோலைக் கெடாமல் வைக்கப் போட்ட உப்பெல்லாம் ஊறவைக்கும் தொட்டியில் கரைந்து வருகிறது. சுண்ணாம்புக் குழியிலிருந்து சல்ஃபைடு வருகிறது. சதைக்கொழுப்பும் முடிப்புரதமும் வருகின்றன. குரோமியத்துக்கு அஞ்சாத பூஞ்சை உப்புக்கு அடங்கிப்போகலாம். உப்பைத் தாங்குவது சல்ஃபைடில் மடியலாம். குளுக்கோஸ் கொழுத்த தட்டில் எடுத்த விட்டம் இவற்றில் ஒன்றைப்பற்றியும் வாய் திறக்காது. பூஞ்சை அங்கே தன்னந்தனியாக வளர்ந்தது என்பதை இவை எல்லாவற்றையும்விடப் பெரிய குறையாகவே நான் பார்க்கிறேன். எதிராளி இல்லாத இடத்தில் வேகத்தை அளக்கலாம், தகுதியை அளக்க முடியாது.

வெப்பநிலை ஒன்றையே எடுத்துக்கொண்டாலும் போதும். ஆய்வுக்கூட அடைகாப்புப் பெட்டிகள் வழக்கமாக 25 அல்லது 28 டிகிரி செல்சியஸில் ஓடும். பெனிசிலியத்தின் பல இனங்களுக்கு அது இதமான சூடு. 37ஐத் தொட்டால் அவற்றில் பெரும்பாலானவை வதங்கிவிடும். ஆஸ்பெர்ஜில்லஸ் நைகரோ 35ஐ ஒட்டிச் செழிக்கும், 40ஐத் தாண்டியும் தாக்குப்பிடிக்கும். வேலூரின் சித்திரை வெயில் ஊரறிந்தது. தகரக் கூரை போட்ட ஷெட்டுக்குள் மே மாதம் நடக்கும் போட்டியின் முடிவும் மார்கழி இரவில் நடக்கும் போட்டியின் முடிவும் ஒன்றாக இருக்காது. 28 டிகிரியில் ஒருமுறை அளந்து, இந்த ரகம் அந்த ரகத்தைவிட மேல் என்று தரவரிசை போட்டால், அந்த வரிசை அந்தப் பெட்டிக்குத்தான் பொருந்தும்.

இடம் மாறினால் தகுதியும் மாறும் என்பதற்கு இந்த வட்டாரத்தின் சொந்த வரலாறே நல்ல சான்று. குரோமியம் மேலோங்குமுன் இங்கே பதனிட்டது ஆவாரம்பட்டையாலும் கடுக்காயாலும். அந்தக் குழிகளில் நிறைந்திருந்தது டானின். புரதத்தைப் பிடித்து இறுக்கி நொதிகளை முடக்கும் பொருள் அது. பல நுண்ணுயிர்களுக்கு நஞ்சு. ஆனால் டானினைக் காலிக் அமிலமாக உடைத்துச் சாப்பிடும் திறன் ஆஸ்பெர்ஜில்லஸ் நைகருக்கு உண்டு. வான் டீகெம் என்ற பிரெஞ்சு அறிவியலாளர் 1867இலேயே இதைக் காட்டினார். அந்தப் பூஞ்சைக்குப் பெயரிட்டதும் அவர்தான். ஆவாரம்பட்டைச் சாற்றில், டானினை உடைக்கும் டானேஸ் நொதி வைத்திருப்பது பெரும் சொத்து. 1972இல் சீதாராமையா குழு, அரைப்பதனிட்ட தோலாக விற்காமல் முழுமைபெற்ற தோலாகவும் பொருளாகவும் ஏற்றுமதி செய்யவேண்டும் என்று பரிந்துரைத்தது. அதையடுத்து அரைப்பதனிட்ட தோல் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடுகள் வந்தன. அடுத்த பத்திருபது ஆண்டுகளில் குரோமியப் பதனிடல் இந்த ஊர்களில் நிலைத்துவிட்டது. டெல்லியில் போட்ட கையெழுத்து ஒன்று ஆம்பூர்ப் பூஞ்சைகளின் சூழலைத் தலைகீழாக்கியது என்று சொன்னால் அது மிகையல்ல. டானின் இல்லாத குரோமிய டிரம்மில் டானேஸ் தயாரிப்பதற்குச் செலவு உண்டு, வரவு இல்லை. பூஞ்சை அதே பூஞ்சைதான், மரபணுவும் அதேதான். ஆனால் அந்த மரபணு ஓரிடத்தில் லாபம், இன்னோரிடத்தில் சுமை. தகுதி பூஞ்சைக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் ஒன்றாக இருந்தால் இது எப்படி நடக்கும்?

எதை எண்ணுவது என்ற கேள்வி இதற்கடுத்து வருகிறது. ஆன் பிரிங்கிள், ஜான் டெய்லர் இருவரும் 2002இல் இழைப்பூஞ்சைகளின் தகுதி பற்றி எழுதிய கட்டுரை இந்தக் குழப்பத்தைத்தான் நேருக்குநேர் எடுத்துக்கொண்டது. வளர்ச்சி வேகமா, உடல் எடையா, ஸ்போர்களின் எண்ணிக்கையா? பூஞ்சைக்குப் பூஞ்சை, வாழ்க்கைமுறைக்கு ஏற்ப விடை மாறும். டேனரிப் பூசணத்தைப் பொறுத்தவரை நான் ஸ்போர்களின் பக்கம் நிற்கிறேன். ஒரு தோலில் வலை எவ்வளவு அகலமாகப் பரவினாலும் அந்தத் தோல் சில வாரங்களில் சாயத் தொட்டிக்குப் போய்விடும். அடுத்த அடுக்குக்குக் காற்றில் தாவிப்போவது ஸ்போர்தான். ஆஸ்பெர்ஜில்லஸ் நிடுலன்ஸில் ‘பஞ்சு’ ரகங்கள் என்று சில உண்டு. இழைகள் மேல்நோக்கிப் பஞ்சுபோல் பொங்கும், ஸ்போர் காய்க்காது. இந்தக் குறையை விட்டம் காட்டிக்கொடுக்காது. எண்ணிப் பார்த்தால்தான் மலட்டுத்தனம் தெரியும். சீக்கிரம் காய்த்து ஓய்வதா, நெடுநாள் பரவிவிட்டுக் காய்ப்பதா என்ற கணக்கு ஒவ்வொரு பூஞ்சைக்குள்ளும் ஓடுகிறது. உணவு எத்தனை நாள் நீடிக்கும் என்பதை வைத்துத்தான் எது சரி என்று தீரும்.

ஆகவே நேர்மையான அளவீடு இரண்டு ரகங்களை ஒரே தட்டில், ஒரே தோல் துண்டில், சம அளவில் விதைப்பதிலிருந்து தொடங்கவேண்டும். ஒரு ரகத்துக்கு ஸ்போர் நிறம் வேறாக இருந்தால் போதும். ஆஸ்பெர்ஜில்லஸில் வெள்ளை, மஞ்சள், வெளிர்பழுப்பு நிற ரகங்கள் வெகுகாலமாகவே புழக்கத்தில் உள்ளன. சில நாள் கழித்து ஸ்போர்களைக் கழுவியெடுத்து, நீர்க்கச்செய்து, தனித்தனி வட்டங்களாக முளைக்கவிட்டு, எந்த நிறம் எத்தனை என்று எண்ணவேண்டும். ஒரு கணக்குக்காகச் சொல்கிறேன்: தொடக்கத்தில் பாதிக்குப் பாதி இருந்தது ஒரு சுற்றின் முடிவில் எண்பதுக்கு இருபது ஆயிற்று என்றால், விகிதம் ஒன்றிலிருந்து நான்காகிவிட்டது. அதன் இயற்கை மடக்கை ஏறக்குறைய 1.39. அதுதான் அந்தச் சுற்றுக்கு, அந்த இடத்தில், அந்த எதிராளிக்கு எதிரான தகுதி வேறுபாடு. அதே வேகம் நீடித்தால் மூன்றாவது சுற்றின் முடிவில் விகிதம் அறுபத்துநான்குக்கு ஒன்று. தோற்ற ரகம் கண்ணில் படுவதே அரிதாகிவிடும். இதே இரண்டு ரகங்களும் தனித்தனித் தட்டுகளில் ஏறக்குறைய ஒரே விட்டத்துக்கு வளர்ந்திருக்கக்கூடும். தலைமுறை எது என்ற பழைய சிக்கலும் இங்கே ஓரளவு அவிழ்கிறது: விதைப்பிலிருந்து அறுவடைவரை ஒரு சுற்று என்று வைத்துக்கொள்கிறோம், அவ்வளவே. நிறத்தை மாற்றிய மரபணுவே தகுதியைக் கொஞ்சம் குறைத்திருக்கலாம் என்பதால், நிறங்களை இடம் மாற்றியும் ஒருமுறை ஓடவிடவேண்டும்.

போட்டியில் வென்றதே நமக்கு வேண்டியது என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் பாஸ்டியான்ஸ், டெபெட்ஸ், ஆனன் ஆகியோர் நியூரோஸ்போராவைப் பல சுற்றுகள் வளர்த்து 2016இல் வெளியிட்ட முடிவு இதில் முக்கியமானது. வலைகள் கலந்து ஒன்றாக இணையும்படி நெருக்கமாக விதைத்தபோது ஏமாற்றுக்கார ரகங்கள் எழுந்தன. கலப்பில் அவை வென்றன. தனியாக வளர்த்தால் அவற்றின் ஸ்போர் விளைச்சல் மூல ரகத்தைவிடக் குறைவு. தான் வெல்லும், தன் கூட்டத்தின் மொத்த விளைச்சலை இறக்கும். இதைக் குரோமியச் சுத்திகரிப்போடு சேர்த்து யோசித்தால் ஒரு சங்கடமான முடிவு வருகிறது. கொடிய குரோமியத்தைச் செல்லுக்கு வெளியே தன் சுரப்புகளால் வலுக்குறைக்கும் பூஞ்சை, அதற்கான செலவைத் தானே ஏற்கிறது. சுத்தமான நீரின் பலனோ பக்கத்தில் சும்மா இருக்கும் பூஞ்சைக்கும் போய்ச் சேர்கிறது. அப்படியானால் நமக்கு மிகவும் பயன்படும் ரகமே போட்டியில் தேய்ந்துபோக இடமுண்டு. கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றிய அந்த ரகம் பத்தாவது சுற்றிலும் அங்கே இருக்குமா என்பதைத் தாங்கும் குறியீடு சொல்லாது.

நடைமுறை தெரிந்தவர் இங்கே குறுக்கிடுவார். டேனரிக்கு வேண்டியது வளருமா, வளராதா என்ற ஒரு சொல் விடைதானே. வெட் ப்ளூ துண்டை அகார் தட்டில் வைத்து ஆஸ்பெர்ஜில்லஸ் நைகரைத் தூவிப் பார்க்கும் தரச் சோதனை அதைச் சொல்லிவிடுகிறதே என்பார். இன்று இறங்கிய லாட்டுக்கு அது போதும், மறுக்கவில்லை. ஆனால் பூஞ்சைக்கொல்லி மருந்தை நாம் ஒரு நாள் மட்டும் போடுவதில்லை. ஆண்டுக்கணக்கில், அதே ஷெட்டில், அதே பூஞ்சைக் கூட்டத்தின்மேல் போடுகிறோம். ஒருகாலத்தில் தோலுக்கு எங்கும் பென்டாகுளோரோபீனால் போட்டார்கள். 1989இல் ஜெர்மனி அதைத் தடைசெய்து, கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்று வரம்பு விதித்தபோது நம் ஏற்றுமதியாளர்கள் திண்டாடிப்போனார்கள். பிறகு டிசிஎம்டிபி போன்ற மருந்துகள் அந்த இடத்துக்கு வந்தன. ஒவ்வொரு மாற்றமும் பூஞ்சைகளுக்கு ஒரு புதிய தேர்வு. மருந்தை எதிர்க்கும் ரகம் தோன்றினால், மருந்தை நிறுத்தியதும் அது பின்வாங்குமா, நிலைத்துவிடுமா? எதிர்ப்பு இல்லாத ரகத்தோடு மருந்தில்லாத தோலில் மோதவிட்டுத்தான் இதை அறிய முடியும். வேளாண்மையில் இந்தக் கேள்வியைக் காலத்தில் கேட்கத் தவறியதன் விலை கண்முன் இருக்கிறது. வயலுக்கும் தோட்டத்துக்கும் அடித்த அசோல் மருந்துகளை எதிர்க்கும் ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபியூமிகேடஸ், அசோல் மாத்திரையை வாழ்நாளில் தொடாத நோயாளிகளின் நுரையீரலிலும் நெதர்லாந்தில் தென்பட்டது. 2012இல் இந்திய மண்ணிலிருந்தும் அது அறிவிக்கப்பட்டது. எதிர்ப்பைச் சுமப்பதால் அது பெரிதாக நலிந்துபோவதாகத் தெரியவில்லை என்று பல ஆய்வுகள் பின்னால் காட்டின. தோல் மருந்துகள் அசோல் வகையைச் சேர்ந்தவை அல்ல. ஆனால் தேர்வு நடக்கும் விதம் ஒன்றுதான்.

இன்னொரு மறுப்பு இதற்கு நேரெதிர்த் திசையிலிருந்து வரும். பாலாற்றையோ ஷெட்டையோ முழுமையாகத் தட்டுக்குள் கொண்டுவர முடியாது. அப்படியிருக்க ஆய்வுக்கூட அளவீடு எதுவானாலும் பொய்தானே என்பது அது. இதில் பாதி உண்மை. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ரமேஷ் மகேஸ்வரி கரும்பு வயலுக்கே போய் நியூரோஸ்போராவின் வாழ்க்கையைப் பின்தொடர்ந்தார். அந்தப் பூஞ்சையின் பாலின ஸ்போர்கள் சூடு பட்டால்தான் விழித்து முளைக்கும். எரித்த கரும்பில் அது ஆரஞ்சு நிறமாகப் பொங்குவது அதனால்தான். தீயைக் கணக்கில் எடுக்காத சோதனை அதன் வாழ்க்கையில் பாதியைத் தவறவிடும். ஆனால் இதிலிருந்து கிடைக்கும் பாடம் ஆய்வுக்கூடத்தை மூடிவிடு என்பதல்ல. களத்தில் தீதான் திருப்பம் என்று தெரிந்துகொண்டு, அந்த ஒன்றைக் கூடத்துக்குள் கொண்டுவா என்பதுதான். ஆம்பூருக்கு அந்தத் திருப்பங்கள் உப்பும் சூடும் ஈரமும் கொல்லி மருந்தும். ஒவ்வொன்றாக மாற்றிப் போட்டியை ஓடவிட்டால் எங்கே தரவரிசை கவிழ்கிறது என்று தெரியும். களத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் மாறுவதால் இதை அங்கே பிரித்தறிய முடியாது. ஆய்வுக்கூடத்தின் மதிப்பு இந்தப் பிரித்தறிதலில்தான் இருக்கிறது.

இதற்குப் பெரிய செலவும் ஆகாது. ஸ்போர் எண்ண ஒரு ஹீமோசைட்டோமீட்டர், நிறம் மாறிய ஒரு ரகம், சேகரித்த பூஞ்சைகளைக் கிளிசராலில் போட்டு உறையவைக்க ஒரு பெட்டி. இந்த உறைய வைப்பதை வலியுறுத்திச் சொல்லவேண்டும். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே வைத்திருக்கும் பூஞ்சை, மெல்ல மெல்ல அகாருக்குப் பழகிய பூஞ்சையாகிவிடும். பல நேரம் ஸ்போர் காய்ப்பதே குறைந்துபோகும். அதனால்தான் கலாசாலைச் சேமிப்பில் பல்லாண்டு கிடந்த ரகத்தை விட்டுவிட்டு, பேரணாம்பட்டுத் தோலில் போன மழைக்குப் பூத்ததை எடுத்து, பேரணாம்பட்டுத் தோலிலேயே சோதிக்கவேண்டும் என்கிறேன். 1948இலிருந்து சென்னையில் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. வேலூரிலேயே பல்கலைக்கழகங்களும் மருத்துவக் கல்லூரியும் இருக்கின்றன. முதுகலை மாணவர் ஒருவர் ஒரு பருவத்துக்குள் முடிக்கக்கூடிய வேலை இது. தாங்கும் குறியீட்டோடு நின்றுவிடும் ஆய்வேடுகளுக்குப் பக்கத்தில், ஆண்டுக்கு ஒன்றாவது, இரண்டு ரகங்களைக் கழிவுநீரிலேயே மோதவிட்ட ஆய்வேடாக வரட்டும்.

குரோமியத்தைத் தின்னும் பூஞ்சையைக் கண்டுபிடித்துவிட்டார்கள் என்ற செய்தி இனியும் வரும். படிக்கும்போது ஒன்றைத் தேடிப்பாருங்கள்: அந்தப் பூஞ்சை யாரோடு போட்டியிட்டது, எந்த நீரில்? அது அங்கே எழுதப்படவில்லையென்றால், அளக்கப்பட்டது ஒரு வட்டத்தின் விட்டம் மட்டுமே.